மஞ்சள் எண்களை அழித்த நாள்

துப்பாக்கி வைத்திருக்கிற உத்தியோகம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் கண்ணை அகல விரிக்கிறார்கள். யாரையாவது சுட்டிருக்கிறீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி. சுட்டதில்லை. இத்தனை வருடத்தில் துப்பாக்கிக்கு நான் செய்ததெல்லாம் துடைத்தது, எண்ணெய் போட்டது, எண்ணிப் பூட்டி வைத்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு மனிதனைக் கெடுத்திருக்கிறேன். அதற்கு எனக்குத் தோட்டா தேவைப்படவில்லை. ஒரு பழந்துணியும் ஒரு பாட்டில் பெயிண்ட் தின்னரும் போதுமாக இருந்தன.

தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் ரோட்டுக்கு வந்த சமயம் அது. எல்லார் தாடையிலும் முகக்கவசம் தொங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனியைக் கள்ளக்குறிச்சிக்குப் பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள். கம்பெனி என்றால் வியாபாரம் இல்லை. ஆயுதப் போலீசில் நூறு பேர் கொண்ட ஒரு பிரிவு. ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். மேடையில் கேடயங்களும் தடிகளும் அடுக்கியிருந்தன. வாசல் பூட்டு உறுதியாக இருந்தது ஒரே ஒரு அறையில்தான், அது மணமகள் அறை. ஆகவே துப்பாக்கிகள் எல்லாம் அங்கே போயின. அலங்காரக் கண்ணாடிக்கு எதிரே அவை சங்கிலியில் கோத்து வரிசையாக நின்றதைப் பார்த்து, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று ஆளாளுக்குக் கேலி பேசினார்கள்.

எனக்குக் கேலி பேசும் மனநிலை இல்லை. நான் நைனார்பாளையம் பக்கத்து ஆள். சொந்த மண்ணில் பந்தோபஸ்து என்பது எங்கள் வேலையிலேயே கேவலமான வேலை. வந்த இரண்டாம் நாளே உளுந்தூர்பேட்டை கூட்டு ரோட்டில் மறியல். லாரிகள் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றுவிட்டன. நாங்கள் கேடயத்தைப் பிடித்து வரிசையாக நிற்க, எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நாலாவது ஆளாக என் கூடப் பிறந்த அண்ணன். துண்டைத் தலையில் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நேராக வந்துவிட்டான்.

"இன்னாடா, எங்கள அடிக்கத்தான் போலீசுல சேந்தியா? யாருக்குடா கேக்கறோம்? உன் புள்ளைங்களுக்கும் சேத்துத்தானே கேக்கறோம்? குச்சிய புட்ச்சிகினு நிக்கற, வெக்கமா இல்ல?"

கேடயத்துக்குப் பின்னால் நான் கல் மாதிரி நின்றேன். அவன் என் பூட்ஸ் முன்னால் காறித் துப்பிவிட்டுப் போய் மறுபடியும் உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் நின்றவன் முகக்கவசத்துக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றேன். என்னை ரோட்டில் நிறுத்தாதீர்கள் ஐயா, உள்ளே ஏதாவது வேலை கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அதிசயமாக ஒத்துக்கொண்டார். துப்பாக்கி அறையில் ஒரு வேலை கிடக்கிறது, அங்கே பொறுப்பில் இருக்கிற ஆளுக்கு உதவியாகப் போ என்றார்.

அந்தப் பொறுப்பில் இருந்தவர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு சிற்றூர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊரிலிருந்து போலீசுக்கு வந்த முதல் ஆள் அவர்தான். ஆனால் அவர் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. வேறு யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியும். அதிகம் பேசாத மனிதர். கம்பெனியில் துப்பாக்கி எது சிணுங்கினாலும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அவர் அதைக் காதருகே வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, இன்ன இடத்தில் மண் என்று சொல்லிவிடுவார்.

கிடந்த வேலை இதுதான். துப்பாக்கியின் அடியில் செருகுகிற, தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை மேகசின் என்போம். பழைய துப்பாக்கிகளுக்கு அது இரும்பில் இருக்கும். எங்களுக்கு அப்போது வந்திருந்தவை பிளாஸ்டிக். மங்கலான கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே எத்தனை தோட்டா பாக்கி என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அவற்றை வேறொரு கம்பெனியிடமிருந்து மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் விலாவிலும் அவர்கள் மஞ்சள் பெயிண்டில் எழுதிய எண் இருந்தது. அதை அழித்துவிட்டு எங்கள் துப்பாக்கி எண்ணை வெள்ளையில் எழுத வேண்டும். இரண்டு எண்ணும் இருந்தால் அவசரத்தில் எது எந்தத் துப்பாக்கிக்கு என்று குழம்பிவிடும். நூற்றுச் சொச்சம் மேகசின்கள். அடுத்த வாரம் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது.

மலைக்கார அண்ணன் வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும். ஒவ்வொன்றிலும் அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் தனியாக வைப்பார், ஈரம் பட்டால் துருப்பிடிக்குமாம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் துணி சோப்பைக் கரைத்து ஊறப் போடுவார். ஊறியதும் மூங்கில் சிம்பைச் சீவி, அதன் விளிம்பால் மஞ்சள் எண்ணின் ஓரத்தை மெல்ல மெல்லக் கிளப்புவார். பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி வரும். வராவிட்டால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வெயிலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரு மேகசினுக்கு அரை மணி நேரம். ஒரு கீறல் விழாது.

"ஏண்ணே, இதுக்கு இவ்ளோ நேரமா? நாங்க இரும்பு மேகசினுக்கு தின்னர் போட்டு ஒரே இழுப்புல எடுத்துடுவோம்" என்றேன்.

"அது இரும்பு தம்பி. இது பிளாஸ்டிக்கு. தின்னரு பெயிண்ட மட்டும் துண்ணாது, இதையும் சேத்து துண்ணுடும்" என்றார், கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஏன் அந்த வேலையை அப்படிக் கண்ணும் கருத்துமாகச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்கும் பயிற்சிக்கு அந்த வருடம் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு ஆளை அனுப்புவார்கள். பயிற்சி முடித்தவனுக்குத் தலைமையிடத்தில் நிலையான வேலை, குடியிருப்பு. ஊர் ஊராக மண்டபத்தில் பாய் விரிக்க வேண்டியதில்லை. அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். மலை மேல் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்தால் வருவார், வராவிட்டால் இல்லை. குடியிருப்பு கிடைத்ததும் பிள்ளையைக் கீழே கூட்டி வந்து படிக்க வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "அது நல்லா கணக்கு போடுது தம்பி. எங்க புத்தி இல்ல அதுக்கு."

அந்த இடத்துக்குப் பரிசீலனைக்குப் போன பெயர்கள் இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். எனக்கு அந்தப் பயிற்சி எதற்கு? இனிமேல் என் கூடப் பிறந்தவன் முன்னால் கேடயத்தோடு நிற்கக் கூடாது, அதற்கு.

நாலைந்து நாள் போனது. முக்கால்வாசி கூட முடியவில்லை. ஒரு நாள் காலை டீ வேளையில் சேதி வந்தது, பெரிய அதிகாரி அன்று மதியமே வருகிறார் என்று. அதே நேரம் மணலூர்பேட்டை பக்கம் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வண்டி ஆட்களைக் கிளப்பினார்கள். துப்பாக்கியோடு பொறுப்பாளரும் போக வேண்டும். மலைக்கார அண்ணன் சாவியை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, முப்பது சொச்சம்தான் பாக்கி. சோப்பு தண்ணி, இந்த சிம்பு, வேற ஒண்ணும் கிட்டக்க வரக்கூடாது. முடிஞ்சது முடியட்டும். மீதிய நான் வந்து ஐயாகிட்ட சொல்லிக்கறேன். இன்னா?"

"சரிண்ணே" என்றேன்.

அவர் வண்டி தெருமுனை திரும்புகிற வரைதான் அந்தச் சரி செல்லுபடியானது. எனக்கு அவசரம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவசரம் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் முப்பதையும் முடித்து வரிசையாக அடுக்கி, அதிகாரி வந்து பார்க்கும்போது இதை முடித்தவன் நான் என்று நிற்க ஆசைப்பட்டேன். அவர் இரண்டு நாளில் செய்வதை நான் ஒரு மணி நேரத்தில் செய்தேன் என்று பெயர் வாங்க வேண்டும். அந்த ஆசையைப் பச்சையாகச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது.

கடைவீதியில் ஒரு பாய் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். போய்த் தின்னர் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார்? இரும்புக்கா?"

"பிளாஸ்டிக்குல பெயிண்ட் எடுக்கணும் பாய்."

"அய்ய, வாணாம் சார். அப்புடியே வெளுத்துடும். மண்ணெண்ணெய்ல தொட்டு பாருங்க, லேட்டாவும், ஆனா ஒண்ணும் ஆவாது."

"குடு பாய், எங்களுக்குத் தெரியாதா?"

போலீசுக்காரனிடம் அதற்கு மேல் அவர் என்ன பேசுவார்? பாட்டிலைச் சுற்றிக் கொடுத்தார். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஒருவர் இல்லை, இரண்டு பேர் சொன்னார்கள்.

தின்னர் தொட்ட துணி பட்டதும் மஞ்சள் எண் கரைந்து வழிந்தது. ஒரு மேகசினுக்கு அரை நிமிடம். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஸ்பிரிங்கைக்கூடக் கழற்றவில்லை. துடைத்து, ஈரம் காயும் முன்பே வெள்ளை எண்ணையும் எழுதி, கண்ணாடி மேசை மேல் வரிசையாக அடுக்கினேன். முகக்கவசத்தை மீறி நெடி தலைக்கு ஏறியது. ஜன்னலைத் திறந்து வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன். சாம்பாரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்து பார்த்தபோது முப்பதும் பூசணம் பூத்தது போல வெளுத்திருந்தன. உள்ளே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் கழுவினேன், எண்ணெய் தடவினேன், சட்டையால் தேய்த்தேன். எண்ணெய் காய்கிற வரை பளபளத்துவிட்டு மறுபடியும் வெளுத்தது. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், தோட்டாவைப் பிடித்து நிற்கிற மேல் விளிம்பில் மயிர் மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அங்கே உடைந்தால் தோட்டா நிற்காது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போதுதான் மலைக்கார அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். வாசலிலேயே நெடியைப் பிடித்துவிட்டார். உள்ளே வந்து ஒரு மேகசினை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த துணியை எடுத்துத் தின்னர் பாட்டிலை மூடினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், பின்னாலேயே பெரிய அதிகாரி.

அதிகாரி ஒன்றை எடுத்தார், கட்டை விரலால் விளிம்பை அழுத்தினார். பட்டென்று ஒரு துண்டு தெறித்துத் தரையில் விழுந்தது. அவர் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இந்த ரூம் யாரு பொறுப்பு?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தாங்க ஐயா" என்றார் மலைக்காரர்.

"தின்னர் போட்டது யாரு?"

மண்டபத்துக்கு வெளியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பங்கை எங்களுக்குக் கொடு என்று ஒலிபெருக்கி அலறியது. மலைக்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பேசு என்கிற மாதிரி, ஒரு ஆளுக்கு வழி விட்டு நிற்கிற மாதிரி பார்த்தார். நான் தரையில் கிடந்த பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. "மலையில இருந்து கோட்டாவுல வந்தவன்கிட்ட பொறுப்ப குடுத்தா இப்படித்தான்யா ஆகும். இதுக்கு பயிற்சி வேற கேட்டுக்கிட்டு இருந்தியா நீ?" என்று அவர் மேல் பாய்ந்தார்.

கோட்டா என்ற சொல்லை அவர் துப்பிய மாதிரி சொன்னார். ரோட்டில் என் அண்ணன் அதே கோட்டாவுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு அது காதில் விழுந்தது, உறைத்தது, அப்படியும் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. பழி போக வேண்டிய இடத்தை இன்ஸ்பெக்டரே கண்டுபிடித்துவிட்டார், நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலைக்காரருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பயிற்சிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். அந்த முகாம் முடிந்ததும் தென்கோடியில் ஒரு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். போகும் வரைக்கும், அறையில் கெடாமல் இருந்த மேகசின்களுக்கு அவர்தான் வெள்ளை எண் எழுதினார். என்னிடம் தண்ணீர் எடுத்துவா, சிம்பைக் கொடு என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பயிற்சிக்கு நான் போனேன்.

சேதி கேட்டு என் அண்ணன் வீட்டுக்கு வந்தான். ரோட்டில் துப்பியதை மறந்து கட்டிப்பிடித்தான். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கோழி அடித்துச் சாப்பாடு போட்டான். "நம்மாளுக்கு ஒரு எடம் கெடச்சிதுடா. கத்துனது வீண் போவல" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னான். இலையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் யாருடையது என்று அவனிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நல்லவன் மாதிரி இருக்கும். இறங்கியது.

ஒரு வருடம் கழித்து, அவர் லீவில் வந்திருக்கிறார் என்று தெரிந்து மலைக்குப் போனேன். கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு. மரவள்ளி பிடுங்குகிற சமயம். வாசலில் கிழங்கு குவிந்து கிடந்தது. அவரும் அவர் மனைவியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. அன்று புதன்கிழமை.

"பாப்பா இஸ்கூலுக்குப் போவலியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நிறுத்தியாச்சி. இங்க அஞ்சாவது வரைக்கும்தான். மேல படிக்க கீழ வரணும்" என்றார் அந்த அம்மா. யார் நான் என்று அவருக்குத் தெரியாது போல. தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு, டீ போடறேங்க, உக்காருங்க என்று உள்ளே போனார்.

மலைக்காரர் மூட்டையின் வாயைத் தைத்து முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. நான் வழியெல்லாம் கோத்து வைத்திருந்ததைக் கொட்டினேன். நான் செய்தது பெரிய துரோகம் அண்ணே, நாளைக்கே போய் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், தின்னர் போட்டவன் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அவர் ஊசியை மூட்டையில் குத்தி வைத்தார்.

"அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமேண்ணே, நான் இல்ல, இவன்தான்னு" என்றேன். அதையும் அவர் தலையில் போடப் பார்த்திருக்கிறேன், பாருங்கள்.

"நான் சொன்னா எவன் நம்புவான்? உன் வாயில வந்தாத்தான் அது உண்ம. அதான் உன்ன பாத்தேன்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டார்: "இப்ப எழுதி குடுத்தா உனுக்கு மனசு லேசாவும் தம்பி. வேல போவும், இல்ல கொஞ்சம் தண்டன குடுப்பாங்கோ. அதுல என் பொண்ணுக்கு இன்னா ஆவும்? போன வருசம் திரும்ப வருமா?"

அந்த அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தார். மலைக்காரர் மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனார். மகள் தட்டிய கிழங்குகளைச் சின்னது பெரியது என்று பிரித்து, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தது.

டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். அவர் என்னை எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். இன்றுவரை எழுதிக் கொடுக்கவில்லை, அந்த வேலையில்தான் இருக்கிறேன்.